பொம்மை வீடும் மினியேச்சர் கைவேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலுப் படிகளுக்குப் பக்கத்தில் வைப்பதற்காக ஒரு திண்ணை வீட்டைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்யத் தொடங்கிய நாள் முதல், அதைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. அவ்வப்போது வாய்மொழியாகச் சொன்ன பதில்களைத் திருத்தி இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலான பதில்களில் ஒரே செய்தி வேறு வேறு உருவத்தில் தலைகாட்டும். ஒரு பொருளின் நீள அகலத்தை நம்மால் சுருக்க முடியும். ஆனால் துணியின் விறைப்பும், மரத்தின் ரேகையும், காகிதத்தின் தடிப்பும், தண்ணீரின் துளியும் நாம் சொன்னபடி சுருங்குவதில்லை. அவற்றைச் சமாளிப்பதில்தான் இந்தக் கைவேலையின் சிரமமும் சுவையும் அடங்கியிருக்கின்றன.

மினியேச்சர் வீடு என்பது குழந்தைகளின் சொப்பு விளையாட்டிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

விளையாட்டுப் பொருள் கையில் எடுப்பதற்கும் தரையில் போடுவதற்கும் உரியது. மினியேச்சர் பார்ப்பதற்கு உரியது. அதில் கண் ஏமாற வேண்டும்: ஒரு கணமாவது, உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள் என்று தோன்ற வேண்டும். அம்பாசமுத்திரத்து மரக்கடைசல் சொப்புகளும் பித்தளைச் சொப்புகளும் எவ்வளவு அழகாக இருந்தாலும், அவை குழந்தையின் கைக்கு ஏற்ற அளவில் கடையப்பட்டவை. ஒரே பெட்டியில் அடுப்பு ஒரு விகிதத்திலும் குடம் வேறொரு விகிதத்திலும் இருப்பதைப் பார்க்கலாம். குழந்தைக்கு அது குறையே அல்ல.

ஐரோப்பாவில் பொம்மை வீடு பெரியவர்களின் பொருளாகவே தொடங்கியது. 1558ஆம் ஆண்டளவில் பவேரியாவின் ஐந்தாம் ஆல்பிரெக்ட் பிரபுவுக்காகச் செய்யப்பட்ட வீடு பின்னர் 1674இல் மியூனிக் அரண்மனைத் தீயில் அழிந்தது. ஆம்ஸ்டர்டாமில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற செல்வந்தப் பெண்மணி 1686 முதல் 1710 வரை நிரப்பிய அலமாரி வீடு இன்றும் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. அதற்காகச் சிறிய பீங்கான் பாத்திரங்களைச் சீனாவிலிருந்தே வரவழைத்தார், மொத்தச் செலவில் கால்வாய்க் கரையில் ஓர் உண்மையான வீட்டையே வாங்கியிருக்கலாம் என்கிறார்கள். நம் நாட்டோடு ஒரு தொடர்பும் உண்டு. விண்ட்சர் கோட்டையில் உள்ள மேரி அரசியின் பொம்மை வீட்டை 1921 முதல் 1924 வரை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். அதே ஆண்டுகளில் அவர் புது தில்லியின் இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகைக்கும் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். பொம்மை வீட்டில் மின்விளக்கும், நகரும் மின்தூக்கிகளும், குழாயில் வரும் தண்ணீரும் உண்டு. ஒருவர் கைக்கு மாளிகையும் வந்தது, அரை அங்குலப் பூட்டும் வந்தது என்பது எனக்கு எப்போதும் ஆறுதலான செய்தி.

எந்த விகிதத்தில் தொடங்கலாம்?

1:12 என்ற விகிதத்தில் தொடங்குங்கள். ஓர் அடி என்பது ஓர் அங்குலமாகிவிடுவதால் கணக்கு மனத்திலேயே ஓடும்; நம் தச்சர்களும் கொத்தனார்களும் இன்றும் அடியிலும் அங்குலத்திலும் பேசுவதால், ஏழடி நிலைக்கதவு ஏழு அங்குலம் என்று சொல்வதற்குக் கணிப்பான் தேவையில்லை. பத்தடி உயரச் சுவர் பத்து அங்குலம். மூன்றடிக் குத்துவிளக்கு மூன்று அங்குலம். ஐந்தேகால் அடி உயரமுள்ள பெண் ஐந்தேகால் அங்குலம், அதாவது சுமார் 13 சென்டிமீட்டர்.

இதற்கு அடுத்தபடியாக 1:24, 1:48 ஆகியவையும், பொம்மை வீட்டுக்குள் வைக்கும் பொம்மை வீட்டுக்கான 1:144ம் வழக்கில் உள்ளன. கடையில் கிடைக்கும் 29 சென்டிமீட்டர் நாகரிகப் பொம்மைகள் ஏறத்தாழ 1:6 விகிதத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கான நாற்காலியை 1:12 அறையில் வைத்தால் அது அரக்கன் நாற்காலியாகத் தெரியும். இடம் குறைவு என்பதால் 1:24இல் தொடங்க நினைப்பவர்கள், அதில் ஒரு மில்லிமீட்டர்ப் பிழை உண்மையான வீட்டில் இரண்டரை சென்டிமீட்டர் கோணலுக்குச் சமம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1:12இல் அதே பிழை ஒன்றேகால் சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. பழகாத கைக்கு அந்தச் சலுகை தேவை.

ஒரு பொருளைச் செய்வதற்கு முன்பு வீட்டில் உள்ள அசல் பொருளை அளந்து, சென்டிமீட்டரைப் பன்னிரண்டால் வகுத்துக் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம். உத்தேசமாகச் செய்தவை எல்லாம் பெரிதாகவே வந்து முடியும். கை தன் வசதிக்கு ஏற்ப அளவைக் கூட்டிவிடும். காபி டம்ளர் 9 சென்டிமீட்டர் என்றால் மினியேச்சரில் ஏழரை மில்லிமீட்டர்தான். முதல்முறை அந்த எண்ணைப் பார்க்கும் யாரும் நம்புவதில்லை.

கொலுவில் வைத்தால் மற்றப் பொம்மைகளோடு அளவு பொருந்தாதே?

பொருந்தாது, பொருந்தவும் வேண்டியதில்லை. கொலுப் படியில் அம்மன் பெரிதாகவும் அடியவர் சிறிதாகவும் இருப்பது பெருமையின் அளவு, அடிக்கோலின் அளவு அன்று. ஆனால் படிக்குக் கீழே தரையில் அமைக்கும் பூங்காவும், கிராமமும், தெப்பக்குளமும் வேறு மரபைச் சேர்ந்தவை. அங்கே ஒரே விகிதத்தைக் கடைப்பிடித்தால் காட்சி உயிர் பெறும். மினியேச்சர் வீட்டைப் படியில் ஏற்றாமல் தரையில் தனிப் பலகையில் வையுங்கள். அதன் அருகே ஓரடி தூரத்துக்கு வேறு விகிதப் பொம்மை எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உண்மையில் கொலுவில் முதல் மினியேச்சர் கலைஞர் செட்டியார்தான். செட்டியாரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருக்க, முன்னால் அரிசி, பருப்பு, உப்பு, மஞ்சள் என்று சிறு சிறு குவியலாகப் பரப்பிய அந்தக் கடையைச் சிறு வயதில் உற்றுப் பார்த்தவர்கள் யாருக்கும் இந்தக் கலை புதிதன்று. குழந்தைகள் மணலில் வீடு கட்டி விளையாடுவதைச் ‘சிற்றில்’ என்று சொல்லி, பிள்ளைத்தமிழில் அதற்கென்று ஒரு பருவத்தையே ஒதுக்கிய மொழி நம்முடையது.

தொடக்கத்தில் என்னென்ன கருவிகள் வேண்டும்?

கூர்மையான பிளேடு கத்தி, இரும்பு அடிக்கோல், வெட்டும்போது அடியில் விரிக்கும் ரப்பர் விரிப்பு, கூர்முனை இடுக்கி, இரண்டு வகை உப்புத்தாள், பல்குத்தும் குச்சி ஒரு டப்பா, குண்டூசிகள், பழைய பல்துலக்கி. இவ்வளவுதான். பிளேடை அடிக்கடி மாற்றுங்கள். மழுங்கிய பிளேடுதான் அட்டையைக் கிழிக்கும், விரலையும் வெட்டும். ஒரே அழுத்தில் வெட்ட முயலாமல், அதே கோட்டில் மூன்று நான்கு முறை மெதுவாக இழுக்க வேண்டும்.

சுவர் எதில் செய்வது? ஒட்டிய மறுநாளே வளைந்துவிடுகிறதே?

5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டு (இரண்டு தாள்களுக்கு நடுவே நுரை வைத்த பலகை), புத்தகம் கட்டும் அட்டை, மெல்லிய பிளைவுட் ஆகிய மூன்றும் பயன்படும். நம் பழைய வீடுகளின் சுவர் ஒன்றரை அடித் தடிப்பு உள்ளது என்பதால், ஒற்றை அட்டையில் செய்த திண்ணை வீடு தீப்பெட்டி போலத் தெரியும். இரண்டு பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, சன்னல் திறப்பின் ஓரங்களை மூடி, ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலத் தடிப்புக் காட்டுங்கள். சன்னல் வழியாகப் பார்க்கும்போது அந்த ஆழம் ஒன்றே வீட்டுக்குப் பழமையைக் கொடுத்துவிடும்.

வளைவுக்குக் காரணம் ஈரம். ஒரு பக்கத்தில் பசை தடவிக் காகிதம் ஒட்டும்போது அந்தக் காகிதம் நனைந்து விரிகிறது. உலரும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கமாக இழுக்கிறது. மறுபக்கத்திலும் அதே காகிதத்தை அதே பசையால் ஒட்டி, இரண்டு தாள்களுக்கு இடையே வைத்து, மேலே அகராதி போன்ற கனமான புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு விட்டால் இழுப்புகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அட்டை வேலையையே தவிர்த்துவிட்டுக் களிமண் வேலையை எடுத்துக்கொள்வது நல்லது.

சுண்ணாம்புச் சுவரின் சொரசொரப்புக்கு, ஃபெவிகாலில் சிறிது கோலமாவைக் கலந்து ஈரப் பஞ்சால் ஒற்றி எடுக்கலாம். கல்லை இடித்துச் செய்த மாவாக இருக்கட்டும். அரிசி மாவு வேண்டாம்.

எந்தப் பசை எதற்கு?

காகிதத்துக்கும் மரத்துக்கும் துணிக்கும் வெள்ளைப் பசையான ஃபெவிகால் போதும். பல்குத்தும் குச்சியின் முனையில் எடுத்துத் தடவ வேண்டுமே தவிர, டப்பாவின் மூக்கிலிருந்து நேரே பிழியக் கூடாது. உலோகத்துக்கும் கல்லுக்கும் இரண்டு பாகங்களைப் பிசையும் எம்-சீல் வகை நன்றாகப் பிடிக்கும்.

உடனடியாக ஒட்டும் ஃபெவிக்விக் வகைப் பசையைப் பற்றி மூன்று எச்சரிக்கைகள் உண்டு. அதன் ஆவி கண்ணாடியிலும் தெளிவான பிளாஸ்டிக்கிலும் வெண்படலமாகப் படியும். ஆகவே சன்னல் கண்ணாடி அருகே அதைப் பயன்படுத்தக் கூடாது. ஃபோம் போர்டின் நடுப்பகுதியையும் தெர்மோகோலையும் அது அரித்துவிடும். பருத்தித் துணியிலோ பஞ்சிலோ அது சிந்தினால் சட்டென்று கடுமையாகச் சூடேறிப் புகையும். விரலில் பஞ்சு நூல் சுற்றியிருந்தபோது நான் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

மைதாப் பசை காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். காகிதத்துக்கு அது இணக்கமானதுதான். ஆனால் இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அது விருந்து. புத்தகம் கட்டுகிறவர்கள் அதில் மயில்துத்தம் கலப்பது இதற்காகத்தான். அது நஞ்சு என்பதால் குழந்தைகள் நடமாடும் வீட்டில் நான் பரிந்துரைப்பதில்லை.

ஓட்டுக் கூரையும் தரையும் எப்படி?

நாட்டு ஓட்டுக்குப் பழைய அட்டைப்பெட்டி ஒன்றே போதுமானது. நெளியட்டையின் மேல்தாளை ஈரத் துணியால் நனைத்து உரித்தால் உள்ளே வரிவரியான மேடு பள்ளங்கள் தெரியும்; பெரிய பெட்டிகளில் ஒரு மேட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 7 அல்லது 8 மில்லிமீட்டர் இருக்கும். பன்னிரண்டால் பெருக்கினால் நாட்டு ஓட்டின் அகலத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இதை நீள வரிகளாக வெட்டி, கீழிருந்து மேலாக ஒன்றின்மேல் ஒன்று சற்றே ஏறும்படி ஒட்ட வேண்டும். மங்களூர் ஓடு வேண்டுமென்றால் தனித்தனியாகத்தான் செய்ய வேண்டும்; ஓர் ஓடு சுமார் 34 மில்லிமீட்டர் நீளமும் 20 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. எல்லா ஓட்டுக்கும் ஒரே செங்காவி நிறம் அடிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. நான்கு கிண்ணங்களில் நான்கு வகைச் சிவப்பைக் கலந்து, கண்ட இடத்தில் மாற்றி மாற்றி அடியுங்கள். தாழ்வாரத்தின் ஓரத்தில் பாசியின் கருமை சிறிது.

தரையில், சிவப்பு ஆக்சைடு பூச்சு செய்வதற்கு எளிது: வழவழப்பான அட்டையில் சிவப்பை நான்கு மெல்லிய பூச்சாக அடித்து, இடையிடையே நயமான உப்புத்தாளால் தேய்த்து, கடைசியில் வார்னிஷ் போட்டு மெருகேற்றலாம். செட்டிநாட்டு வீட்டுக்கு ஆத்தங்குடிக் கல் வேண்டும் என்பவர்கள், எட்டு அங்குலக் கல் 17 மில்லிமீட்டர் சதுரமாகும் என்று கணக்கிட்டு, தாங்களே வரைந்த வடிவத்தை அச்சிட்டு ஒட்டலாம். அச்சிட்ட தாளை ஒரே விரிப்பாக ஒட்டாமல் கல் கல்லாக வெட்டி ஒட்டினால், கண்ணுக்குத் தெரியாத சிறு ஏற்றத்தாழ்வு ஒளியில் தெரியும். வேலை அதிகம்தான், வேறுபாடு அதைவிட அதிகம்.

நாற்காலியும் ஊஞ்சலும் தேக்கில் செய்தால் அசலாக இருக்குமா?

இருக்காது. தேக்கின் ரேகையும் துளைகளும் சுருங்குவதில்லை. அரை அங்குலப் பலகையில் அவை பன்னிரண்டு மடங்கு பெரிதாகப் பிளவுகள் போலத் தோன்றும். ரேகை தெரியாத நயமான மரத்தை எடுத்துத் தேக்கின் நிறத்தை ஏற்றுவதுதான் முறை. கர்நாடகத்தில் உள்ள சென்னபட்டணா என்ற ஊரில் பொம்மைகள் செய்யும் வெட்பாலை மரம் தந்தம் போல வழவழப்பானது, இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. கடைசல் பட்டறையில் துண்டு துக்காணி கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காதவர்களுக்கு ஐஸ் குச்சி, மூங்கில் குச்சி, பால்சா மரம். பால்சா வெட்டச் சுலபம், ஆனால் நகம் பட்டாலே பள்ளம் விழும்.

பசை பட்ட இடத்தில் மரச்சாயம் ஏறாது என்பதால், சாயத்தை முதலில் ஏற்றி, உலர்ந்த பிறகு ஒட்டுங்கள். ஊஞ்சல் சங்கிலிக்கு உடைந்த கவரிங் நகைச் சங்கிலி கச்சிதமாகப் பொருந்தும். பொம்மை வீட்டு ஊஞ்சலை ஆட்டிப் பார்த்தால் அது பதற்றமாகப் படபடக்கும். கயிற்றின் நீளம் பன்னிரண்டில் ஒன்றானால் ஆட்டத்தின் வேகம் மூன்றரை மடங்கு கூடிவிடும் என்பது ஊசல் விதி. ஆடாமல் விடுவதே அழகு.

துணி ஏன் விறைத்துக்கொண்டு நிற்கிறது?

இந்தக் கலையில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நீளம் பன்னிரண்டில் ஒரு பங்கானால் பரப்பு 144இல் ஒரு பங்காகவும், எடை 1,728இல் ஒரு பங்காகவும் குறைகிறது. ஆனால் துணியின் நூல் அதே நூல்தான். கீழே இழுக்கும் எடை போய்விட, விறைப்பு மட்டும் மிஞ்சுகிறது. அதனால்தான் அசல் பட்டில் வெட்டிய திரைச்சீலை தகரம் போல நிற்கிறது.

முதலில், இருப்பதிலேயே மெல்லிய துணியைத் தேடுங்கள்: பல ஆண்டுகள் துவைத்து நைந்த மல் துணி, பழைய பட்டுச் சேலையின் உள் ஓரம், வேட்டியின் நடுப்பகுதி. புதுத் துணியானால் கஞ்சி போக அலசுங்கள். ஐந்தரை மீட்டர்ச் சேலை 1:12இல் 46 சென்டிமீட்டர் நீளமும் ஒன்பதரை சென்டிமீட்டர் அகலமும் ஆகும். மடிசார்ப் புடவைக்கு 68 சென்டிமீட்டர். ஆனால் அந்த முழு நீளத்தையும் பொம்மைக்குச் சுற்றினால் இடுப்பு பானையாகிவிடும். உள்சுற்றை நீக்கி, கொசுவத்துக்கும் முந்தானைக்கும் வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கொசுவம் தானாக விழாது: ஒரு பங்கு ஃபெவிகாலில் நான்கு பங்கு தண்ணீர் சேர்த்து நனைத்து, தெர்மோகோல் பலகையில் மடிப்பு மடிப்பாகக் குண்டூசி குத்தி உலர விட வேண்டும். பட்டில் கறை தெரியக்கூடும் என்பதால் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். ஜரிகைக் கரையை நெசவாகக் காட்ட முயல வேண்டாம். பொன்னிறப் பேனாக் கோடு போதும்.

தலையணைக்கும் மெத்தைக்கும் பஞ்சு அடைக்கக் கூடாது. பஞ்சு அடைத்தால் பலூன் போல உப்பிக்கொண்டிருக்கும். நன்றாகச் சலித்த மணலை அடையுங்கள். போன எடை திரும்பி வந்துவிடும், தலை வைத்த இடம் குழிந்தே கிடக்கும். முதன்முதலில் இதைச் செய்து பார்த்த அன்று, யாரோ இப்போதுதான் எழுந்து போனது போன்ற அந்தப் படுக்கையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காகிதத்துக்கும் இதே நியாயம்தான். சாதாரணத் தாளின் தடிப்பு 0.1 மில்லிமீட்டர், பன்னிரண்டால் பெருக்கினால் அது 1.2 மில்லிமீட்டர் அட்டை. மேசைமேல் விரித்த செய்தித்தாளை அதில் செய்தால் பலகையாகவே தெரியும். மெழுகுத் தாள், மெல்லிய பொதிதாள், சட்டைப் பெட்டிக்குள் வரும் நயத்தாள் ஆகியவற்றைப் பயன்படுத்திப் பாருங்கள்.

சாப்பாட்டு வகைகளை எப்படிச் செய்வது?

இட்லியிலிருந்து தொடங்குங்கள்; அதைப் போல எளிதானதும் ஏமாற்றக்கூடியதும் வேறில்லை. மூன்று அங்குல இட்லி ஆறு மில்லிமீட்டர் வட்டம். வெள்ளைக் களிமண்ணைச் சிறு உருண்டையாக்கி லேசாக அமுக்கி, பல்துலக்கியின் நுனியால் மேலெல்லாம் தட்டினால் துளைகள் விழும். தூய வெள்ளை வேண்டாம், துளி மஞ்சளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தோசைக்கு மண்ணைத் தாள் போலத் தேய்த்து, சாக்குக் கட்டியைச் சுரண்டிய பழுப்புப் பொடியை நடுவிலிருந்து ஓரத்துக்குப் படிப்படியாகக் குறைத்துத் தூரிகையால் தடவ வேண்டும். முறுக்குக்கு ஊசி நீக்கிய 2 மில்லி சிரிஞ்சே நாழி. வடையின் துளை சரியாக நடுவில் இருந்தால் அது இயந்திர வடை.

பொருத்தமான அளவில் இயற்கையிலேயே கிடைக்கும் விதைகள் பெரிய உதவி. கொத்துமல்லி விதை நான்கு மில்லிமீட்டர். மஞ்சள் அடித்தால் எலுமிச்சை. கடுகு, நெல்லிக்காய்ப் பருமனுக்கு வரும். அரிசிக் குவியலுக்கு ரவை சரியான அளவுதான்; ஆனால் என் முதல் கொலுவில் அரிசிப் படியை எறும்புகள் இரண்டே இரவில் காலி செய்தன. இப்போது வெள்ளை மணல்.

சாம்பாரும் ரசமும் தண்ணீரும் தனி வகை. குடத்தில் உண்மையான தண்ணீர் ஊற்றினால் அது பரவாமல் கண்ணாடிக் குண்டு போல உருண்டு நிற்கும், ஏனென்றால் நீரின் பரப்பு இழுவிசையும் சுருங்காத இனம். தெளிவான ஒட்டுப் பசையில் நிறம் கலந்து இரண்டு மூன்று முறை சிறிது சிறிதாக ஊற்றி உலர விடலாம். இரண்டு பாக எபாக்சி ரெசின் இன்னும் தெளிவாக வரும். கையுறையும் திறந்த சன்னலும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

களிமண்ணை வீட்டிலேயே தயாரிக்கலாமா?

தாராளமாக. ஒரு கிண்ணம் மக்காச்சோள மாவு (கார்ன்ஃப்ளோர்), ஒரு கிண்ணம் ஃபெவிகால், இரண்டு மேசைக்கரண்டி குழந்தைகளுக்குத் தடவும் எண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கட்டியில்லாமல் கலந்து, மிகச் சிறிய தீயில் கைவிடாமல் கிண்ட வேண்டும். அல்வாப் பதத்துக்குச் சற்று முன்னால், பாத்திரத்தின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும்போது இறக்கிவிடுங்கள்; அதற்கு மேல் போனால் ரப்பராகிவிடும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே எண்ணெய் தொட்ட கையால் நன்றாகப் பிசைந்து, பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் சுற்றி ஒரு நாள் வைக்க வேண்டும். அந்தப் பாத்திரத்தைப் பிறகு சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. இந்த மாவு உலரும்போது கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கும். அளவைக் கொஞ்சம் கூட்டியே செய்யுங்கள்.

கடையில் வாங்கும் பாலிமர் களிமண் சுருங்காது. ஆனால் பொதியில் குறித்தபடி 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் ஓவன் அடுப்பில் சுட வேண்டும். சூடு மிகுந்தால் கருகி, எரிச்சலூட்டும் புகை வரும். அடுப்பின் முள் காட்டும் எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி வைத்துச் சரிபாருங்கள்.

விளக்கு போடலாமா?

போடலாம், போட்டால் வீடு இரண்டு மடங்கு அழகாகும். 3 மில்லிமீட்டர் எல்.இ.டி.யில் மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளையைத் தேர்ந்தெடுங்கள். அதற்குச் சுமார் 3 வோல்ட் போதும் என்பதால் ஒரு நாணய மின்கலத்திலேயே எரியும். கைப்பேசி மின்னேற்றியின் 5 வோல்ட்டில் இணைத்தால் ஒவ்வொரு விளக்குக்கும் 150 ஓம் மின்தடை சேர்க்க வேண்டும். வீட்டு மின்சாரத்தில் நேரடியாக எரியும் சீரியல் விளக்கை அட்டை வீட்டுக்குள் ஒருபோதும் நுழைக்காதீர்கள். விளக்கு கண்ணில் படாமல் உத்தரத்துக்குப் பின்னால் மறைந்திருந்து, வெளிச்சம் மட்டும் சுவரில் விழுந்தால் நல்லது. குத்துவிளக்கில் உண்மையான திரி ஏற்றும் ஆசையை விட்டுவிடுங்கள்; சுடரும் சுருங்காது.

நாணய மின்கலத்தைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். திருகாணி போட்டு மூடும் பெட்டியில் மட்டும் வையுங்கள்.

எனக்குக் குரோஷேவும் ஒயர்க்கூடையும் தெரியும். அவை இங்கே உதவுமா?

மிகவும் உதவும். தெரிந்த கைவேலையைச் சுருக்குவதுதான் இந்தக் கலைக்குள் நுழையச் சிறந்த வழி, ஏனெனில் முறை கையிலேயே இருக்கிறது, நூலை மட்டும் மாற்றினால் போதும். குரோஷே போடுகிறவர்கள் தையல் நூலையும் 0.6 மில்லிமீட்டர் கொக்கியையும் எடுத்துக்கொண்டு மேசை விரிப்பில் தொடங்கலாம். மிகப் பழகியவர்களுக்குக்கூட முதல் வரிசையில் கண்ணீர் வரும். ஒயர்க்கூடையை அசல் ஒயரில் செய்ய இயலாது. தடித்த எம்பிராய்டரி நூலில் மெழுகு ஏற்றி, சிறு மரக்கட்டையைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, உள்ளே ஃபெவிகால் தண்ணீர் தடவி, உலர்ந்ததும் கட்டையை உருவிவிடலாம். முடிச்சுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பத்து முடிச்சு உள்ள இடத்தில் நான்கு இருந்தாலும் பார்க்கிறவர் கண் மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும். குயிலிங் என்ற காகிதச் சுருள் வேலை தெரிந்தவர்களுக்குச் சன்னல் கம்பியின் சுருள்கள் காத்திருக்கின்றன. பனையோலையை ஊசியால் நூல் நூலாகக் கிழித்து முறமும் விசிறியும் பின்னலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் பொம்மைத்தனமாகவே தெரிகிறதே?

பளபளப்பைப் பாருங்கள். புதுப் பொருள்களின் மினுமினுப்புதான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். பித்தளையும் கண்ணாடியும் ஈரமும் தவிர மற்ற எல்லாம் மங்கலாக இருக்கட்டும். நீர்க்கக் கரைத்த பழுப்பு நிறத்தை இடுக்குகளில் ஓட விட்டு, மேடுகளில் துடைத்து எடுத்தால் நிழல் கிடைக்கும். நிறங்களை அசலைவிட ஒரு படி வெளுப்பாகக் கலப்பதும் நல்லது. அதன் பிறகு வீட்டுக்குள் ஒழுங்கைக் கொஞ்சம் குலைக்க வேண்டும்: ஒரு கதவு பாதி திறந்திருக்கட்டும், அம்மியின் மேல் அரைத்த சட்னி கொஞ்சம் ஒட்டியிருக்கட்டும், திண்ணையில் ஒற்றைச் செருப்பு கவிழ்ந்து கிடக்கட்டும்.

குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளலாமா?

சேர்த்துக்கொள்ளுங்கள், மாவு பிசைவது, ஓட்டுக்கு நிறம் அடிப்பது, விதைகளைப் பொறுக்குவது எல்லாம் அவர்களுக்குப் பிடிக்கும். பிளேடு, ரெசின், உடனடிப் பசை, மின்கலம் ஆகியவை பெரியவர் கையில் மட்டும் இருக்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் ஆறு மில்லிமீட்டர் இட்லி என்பதே ஆபத்து. அதற்குக் கண்ணாடிப் பெட்டிதான் தீர்வு.

கொலு முடிந்ததும் எப்படிப் பத்திரப்படுத்துவது?

முதலில் ஓர் ஒப்பனைத் தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், ஈரத்துணி வேண்டாம். ஒவ்வொரு அறையையும் புகைப்படம் எடுத்துக்கொண்டால் அடுத்த ஆண்டு எது எங்கே இருந்தது என்று தேட வேண்டியதில்லை. மின்கலங்களைக் கழற்றிவிடுங்கள், விட்டால் கசிந்து கம்பியை அரிக்கும். சிறு பொருள்களை மாத்திரைப் பெட்டியின் அறைகளில் பிரித்து, மெல்லிய தாளில் சுற்றி வைக்கலாம். நாப்தலின் உருண்டை போடாதீர்கள். அதன் ஆவி தெர்மோகோலையும் சில பிளாஸ்டிக்குகளையும் இளக்கி ஒட்டிக்கொள்ளச் செய்யும். வசம்புத் துண்டும் உலர்ந்த வேப்பிலையும் போதும், அவற்றோடு பழைய மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலங்கள் இரண்டு. பெட்டியைப் பரணில் ஓட்டுக்கு அடியில் வைக்காமல் அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஏப்ரல், மே மாதப் பரண் சூட்டில் பசை இளகி, திண்ணைத் தூண்கள் நான்கும் தரையில் படுத்துக் கிடப்பதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.